ஹாப்கின்ஸ் ஃபால்ஸுக்குத் தலைமையிடம் நீங்கல்

அருப்புக்கோட்டையில் அந்தக் காலத்தில் தலைமையிட நீங்கல் ஒழுங்கு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. இப்போது போய்த் தேடாதீர்கள், கிடைக்காது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர், வேலை பார்க்கிற ஊரை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்க வேண்டுமானால் இங்கே முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஜனங்கள் சுருக்கமாக நீங்கல் ஆபீஸ் என்பார்கள். ஊழியர்கள் அவரவர் ஊரிலேயே இருந்து மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அதன் உயர்ந்த நோக்கம். அதன் அதிகாரி வெள்ளத்துரை மதுரையில் குடியிருந்தார். கண்காணிப்பாளர் சௌந்தரம் அம்மாள் தினமும் விருதுநகரிலிருந்து வந்து போனார். பதினொன்றே காலுக்குப் பூட்டைத் திறப்பார்கள், நாலு இருபது பஸ்ஸுக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் வேறு யாரும் ஊரை விட்டுப் போய்விடாமல் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்த ஆபீஸ் மேல் எப்போதுமே மரியாதை உண்டு. அதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

பாலவனத்தம் ஆரம்பப் பள்ளி வாத்தியார் யாக்கோபு தன் ஐம்பத்து நாலு வயது வரை அந்த ஆபீஸுக்குப் பெரிய தொந்தரவு கொடுத்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்கு மூன்று நாள், அவ்வளவுதான். 1990 அக்டோபரில் அவருக்கு அமெரிக்காவிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. அனுப்பியது அவருடைய ஒரே மகள் அஷ்லின். ஹாப்கின்ஸ் ஃபால்ஸ் என்கிற சின்ன நகரத்தில் நர்ஸாக இருந்தாள். போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அங்கேயே ஜாபேஸ் என்ற நம் பக்கத்துப் பையனைக் கல்யாணமும் செய்துகொண்டாள். கல்யாணத்தைப் பெற்றவர்கள் போட்டோவில்தான் பார்த்தார்கள். அவளுடைய குடியுரிமைக் காகிதங்கள் ஏதோ ஒரு மேசையில் கிடந்தன. அவை முடிவதற்குள் அவள் ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம். ஆகவே, அவள் வர முடியாது, இவர்கள்தான் போக வேண்டும்.

உறைக்குள் இரண்டு விமான டிக்கெட் இருந்தது. ராத்திரி டூட்டி பார்த்து மிச்சம் பிடித்து வாங்கியது. ஒரு வருஷம் செல்லும். 1991 அக்டோபர் பதினைந்துக்குள் போய்த் திரும்பிவிட வேண்டும், தவறினால் அது வெறும் காகிதம். இன்னொரு தடவை வாங்க அவளுக்குத் தெம்பு கிடையாது.

“பத்தே நாள் வாங்கப்பா. இங்க சின்னதா ஒரு ஃபால்ஸு இருக்கு, ஏரி இருக்கு. செப்டம்பர் கடைசியில மக்காச்சோளத் திருவிழா நடக்கும், ஊர்வலமெல்லாம் போவாக. அதெல்லாம் பாக்கலைன்னாலும் பரவாயில்ல. நீங்க ரெண்டு பேரும் எங்க வீட்டு அடுப்படியில வந்து உக்காந்தாப் போதும்” என்று எழுதியிருந்தாள்.

அவர் மனைவி தெரசாள் அன்றைக்கே பயணத் திட்டம் போட ஆரம்பித்துவிட்டார். எத்தனை கிலோ சீரணி மிட்டாய், எந்தப் பையில் ஊறுகாய், பிளேனில் ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது.

பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தது. சர்ச்சில் இருந்த முந்தைய சாமியார் ரோமாபுரி யாத்திரை கூட்டிப்போவதாகச் சொல்லிப் பங்கில் பன்னிரண்டு பேருக்கு எடுக்கவைத்தார். சாமியார் மட்டும் மாற்றலாகிப் போனார், யாத்திரை போகவில்லை. மெட்ராஸுக்குப் போக வர ராத்திரி ரயிலிலேயே கழிந்ததால் அது வெளியூரில் தங்கிய கணக்கில் வரவில்லை. அங்கே விசா கொடுக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரி மூன்று கேள்வி கேட்டாள், முத்திரை குத்தினாள். அமெரிக்கா ஒப்புக்கொண்டுவிட்டது. அருப்புக்கோட்டை மட்டும்தான் பாக்கி.

நவம்பர் மாதம் யாக்கோபு நீங்கல் ஆபீஸுக்குப் போனார். சௌந்தரம் அம்மாள் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு தலைநிமிராமல் கேட்டார்.

“எந்த ஊரு சார்?”

“ஹாப்கின்ஸ் ஃபால்ஸும்மா.”

“குத்தாலத்துக்கு அந்தப் பக்கமா?”

“அமெரிக்காம்மா.”

சௌந்தரம் அம்மாளின் பேனா நிற்கவில்லை. தாலுகா என்ற கட்டத்தில் அமெரிக்கா என்று எழுதினார். “சீசன் நேரமா? தண்ணி விழுதா?” என்று விசாரித்தார். பிறகு அருகிலுள்ள காவல் நிலையம், ஊராட்சித் தலைவர் பெயர், மழைக்காலத்தில் பஸ் போகுமா போகாதா என்றெல்லாம் கேட்டு நிரப்பினார். பயணத்தின் நோக்கம் என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“மகளப் பாக்கணும்மா. ஆறு வருசமாச்சு.”

“அப்படி ஒண்ணு இல்லையே சார். கல்யாணம், சாவு, வைத்தியம், கோயில் திருவிழா. இந்த நாலுதான் இருக்கு. மகளப் பாக்குறதுக்குக் கட்டம் இல்ல.”

“வேற என்னம்மா செய்ய?”

சௌந்தரம் அம்மாள் நல்ல மனுஷி. குரலைத் தணித்துக்கொண்டு, “சாவுன்னு போட்டுருங்க சார். அது ஒரே நாள்ல சேங்ஷன் ஆயிரும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். மருமகனப் போட்டுருவமா?” என்றார்.

யாக்கோபு பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். மருமகனை ஒருதடவைகூட நேரில் பார்த்திராதவர் அவரை அப்படி முடித்துவைக்க விரும்பவில்லை. யோசித்து யோசித்து, மக்காச்சோளத் திருவிழா என்று மகள் எழுதியிருந்ததைச் சொன்னார். “அதச் சொல்லக் கூடாதா மொதல்லயே” என்று சௌந்தரம் அம்மாள் கோயில் திருவிழாவில் டிக் அடித்தார். அழைப்பிதழ் இணைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அஷ்லின் திருவிழா நோட்டீஸை அனுப்பிவைக்க ஒன்றரை மாதம் ஆனது. வழுவழுப்பான தாள். தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிற பெரிய மக்காச்சோளக் கதிர் ஒன்று நடுவில் நின்றது. அந்தக் கோப்பு ஜனவரியில் அதிகாரி மேசைக்குப் போனது.

வெள்ளத்துரை நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மூலவர் இவுகதானா?”

“அது மக்காச்சோளம் சார்.”

“அதான் கேக்கேன். அம்மனா, சாமியா?”

யாக்கோபு ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. “வெளச்சலுக்குக் கொண்டாடுறாக சார்” என்று மட்டும் சொன்னார்.

“அப்ப அம்மன்தான்” என்று அதிகாரி குறிப்பு எழுதினார். “காப்புக்கட்டு என்னைக்கு? காப்புக் கட்டிட்டா ஊரைவிட்டுப் போகக்கூடாதே. நீங்க பாட்டுக்கு அங்கயே உக்காந்துட்டீங்கன்னா?”

காப்புக் கட்டுவதில்லை என்று யாக்கோபு எழுதிக் கொடுத்தார். அதை இன்னொரு அதிகாரியிடம் சான்றொப்பமும் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்தது ஊர் இருக்கிறதா என்ற கேள்வி. ஆபீஸ் சுவரில் பழைய ராமநாதபுரம் மாவட்ட வரைபடம் ஒன்று தொங்கியது. மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து ஐந்தாறு வருஷம் ஆகியும் அவர்களுக்கு அந்தத் தகவல் முறைப்படி வந்து சேரவில்லை. வெள்ளத்துரை அடிக்கோலை எடுத்துக்கொண்டு நரிக்குடியிலிருந்து தேட ஆரம்பித்தார். திருச்சுழியைத் தாண்டினார், முதுகுளத்தூர் போனார், கடலோரமாக வந்தார். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

“ராமேஸ்வரம் வரைக்கும் பாத்துட்டேன் வாத்தியாரே. இல்லாத ஊருக்கு நான் எப்படி அனுமதி குடுக்க?”

“அது வேற தேசம் சார். அந்தப் படத்துல இருக்காது.”

“இருக்காதுன்னு நீங்க சொன்னாப் போதுமா? பாலவனத்தத்துல இருந்து அந்த ஊரு இன்ன தூரத்துல இருக்குன்னு ரோட்டு ஆபீஸுல தூரச் சான்று வாங்கிட்டு வாங்க. தூரம்னு ஒண்ணு இருந்தா ஊரும் இருந்துதான ஆகணும்?”

அந்த வாதத்தில் எனக்கு இன்றுவரை ஓட்டை தெரியவில்லை.

சாலை ஆய்வாளர் கருத்தப்பாண்டிக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். தூரச் சான்று கேட்டு வந்தவர்களை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் இல்லை. பிப்ரவரி மாதம் இரண்டு ஆட்களையும் அளவுச் சங்கிலியையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

“எந்தப் பக்கம் வாத்தியாரே?”

யாக்கோபு கிழக்கையும் மேற்கையும் மாறி மாறிப் பார்த்தார். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் ஏறிப் பார்த்தன. மேற்கே அமெரிக்கா என்று புத்தகத்தில் படித்ததாக ஒரு பிள்ளை கத்தியது. கிழக்கே போனாலும் வரும், உலகம் உருண்டை என்று இன்னொன்று கத்தியது. கருத்தப்பாண்டி இரண்டையும் கேட்டுக்கொண்டு, மேற்கே விருதுநகர் ரோடு அவருடைய எல்லைக்கு வெளியே போய்விடுகிறது என்பதால் கிழக்கு என்று முடிவு செய்தார். சங்கிலியைப் போட்டுக்கொண்டே போனார்கள். சித்திரை வெயில் மாதிரி மாசியிலேயே அடித்தது. இரண்டாம் நாள் அருப்புக்கோட்டையைத் தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சான்றிதழை எழுதி முடித்தார்.

அதில் இப்படி இருந்தது: “மேற்படி ஊருக்குச் செல்லும் சாலை தூத்துக்குடிக் கடற்கரை முடியத் தார்ச்சாலையாக உள்ளது. அதற்கு அப்பால் தண்ணீராக உள்ளது. தண்ணீர் இப்பிரிவைச் சேர்ந்ததல்ல. எஞ்சிய தூரம் கணிசமானது.”

வெள்ளத்துரை அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “பொறுப்பான அதிகாரி” என்று பாராட்டினார். ஊர் இருப்பது உறுதியாயிற்று.

இதற்குள் ஏப்ரல் பிறந்துவிட்டது. தெரசாள் முதல் தடவை வாங்கி வைத்த சீரணி மிட்டாயை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அஷ்லினிடமிருந்து வாரம் ஒரு கடிதம் வந்தது. ஒன்றில், வீட்டின் சின்ன அறையில் அப்பாவுக்கென்று மரக்கட்டில் ஒன்று வாங்கிப் போட்டிருப்பதாகவும், டூட்டி முடிந்து வந்ததும் சும்மா அந்த அறையை ஒருதடவை எட்டிப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தாள். யாக்கோபு அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தார். மே விடுமுறையில் போய்விடலாம் என்று நம்பினார். அப்போதுதான் அதிகாரிக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

“வாத்தியாரே, அங்க ராத்திரின்னா இங்க பகல்ங்கிறாகளே, உண்மையா?”

“ஆமா சார்.”

“அப்படின்னா நம்ம ஆபீஸ் நேரத்துல நீங்க அங்க தூங்கிக்கிட்டு இருப்பீங்க.”

“ஆமா... அங்க ராத்திரிதான சார்?”

வெள்ளத்துரை நாற்காலியை விட்டு எழுந்தார். “அரசாங்க நேரத்துல தூங்குறதுக்கு எந்த விதியில இடமிருக்கு? பதினேழு வருசமா இந்த நாற்காலியில இருக்கேன், எனக்கே அப்படி ஒரு அனுமதியை எவனும் எழுத்துல குடுத்ததில்ல. குடுக்காமயேதான் சமாளிச்சுக்கிட்டு வாரேன்!”

பக்கத்து மேசையில் தலைவைத்துப் படுத்திருந்த எழுத்தர் இந்தச் சத்தத்தில் விழித்து, அதிகாரி சொன்னது சரிதான் என்று தலையாட்டிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். இந்தச் சிக்கலைத் தீர்க்க மேலிடத்துக்கு எழுதினார்கள். பதில் வர மே முழுக்கப் போனது. அமெரிக்காவில் இருக்கும்போது ஊழியர் இந்திய நேரப்படி விழித்திருக்க முயல வேண்டும் என்று பதில் வந்தது.

கடைசியில் ஆணை வந்தே வந்தது. ஜூன் இருபதாம் தேதி காலை, யாக்கோபு பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போது தபால்காரர் கொடுத்தார். ஹாப்கின்ஸ் ஃபால்ஸ் அருள்மிகு மக்காச்சோளத் திருவிழாவை முன்னிட்டு, ஜூன் பத்து முதல் பத்தொன்பது முடிய, பத்து நாள் தலைமையிடம் நீங்க அனுமதிக்கப்படுகிறார். திருவிழா செப்டம்பரில் என்பது யார் கண்ணிலும் படவில்லை.

யாக்கோபு தேதியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்போதே ஆபீஸுக்கு ஓடப் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டுவிடலாமா என்றுகூட அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பஸ் ஏறி ஆபீஸுக்கு ஓடினார்.

“தேதி முடிஞ்சுபோச்சு சார். நேத்தோட முடிஞ்சுபோச்சு. வேற தேதி போட்டுக் குடுங்க.”

வெள்ளத்துரை முகமெல்லாம் சிரிப்பாக எழுந்துவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “வாங்க வாங்க! பிரயாணமெல்லாம் சவுக்கியமா? இன்னைக்குக் காலையிலதான் நீங்க திரும்பியிருக்கணும். கொஞ்சம் கறுத்துப் போயிருக்கீங்க.”

“நான் போகவே இல்ல சார்! ஆர்டரே இன்னைக்குத்தான் வந்துச்சு. பத்து நாளும் பாடம் நடத்திக்கிட்டு இருந்தேன்.”

“அது உங்க சொந்த விசயம்” என்றார் அதிகாரி. “நீங்கியோர் பதிவேட்டுல ஏத்தியாச்சு. மேலிடத்துக்கும் ரிப்போர்ட் போயிருச்சு. அமெரிக்கா வரைக்கும் அனுமதி குடுத்த ஒரே ஆபீஸ் நம்ம ஆபீஸுன்னு எனக்குப் பாராட்டுக் கடிதமே வந்திருக்கு. இப்பத் திரும்பியோர் பதிவேட்டுல நீங்க கையெழுத்துப் போடணும்.”

“போடலைன்னா?”

“நீங்கியவர், திரும்பாதவர். அமெரிக்காவுல தலைமறைவாகிட்டீங்கன்னு அர்த்தம். ஓடிப்போனவருக்கு எப்படிச் சம்பளம் போடுறது?”

யாக்கோபு வேறு தேதிக்குப் புதிதாக விண்ணப்பம் கேட்டார். சௌந்தரம் அம்மாள் விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். வெளிநாட்டுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான். “இப்பத்தான சார் போயிட்டு வந்தீங்க” என்றார், கொஞ்சம் பொறாமையோடு.

யாக்கோபு கையெழுத்துப் போட்டார். அவருக்கு அழுகை வந்தது, ஆனால் அங்கே அழவில்லை. அந்தப் பத்து நாள் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அந்தப் பத்து நாளும் அவர் ஊரில் இல்லை.

ஜூலையில் ஆபீஸுக்குப் பாராட்டுக் கூட்டம். பந்தல், மைக் செட், ரோஜா மாலை எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. தான் எதற்கு வர வேண்டும் என்று கேட்ட யாக்கோபுவை ஆபீஸ் ஜீப்பிலேயே அழைத்துப்போனார்கள். வெள்ளத்துரை நாற்பது நிமிஷம் பேசினார்.

“வாத்தியார் போனாரா போகலையாங்கிறது முக்கியமில்ல. போறவன் வாரவன் பின்னாடியே போய்ப் பாக்குறதா நம்ம வேல? முறைப்படி அனுமதிச்சோம், முறைப்படி திரும்பிட்டாரு. நடுவுல எந்தக் கெட்ட பேரும் இல்ல, விபத்தும் இல்ல. உண்மையிலேயே போயிருந்தா இவ்வளவு ஒழுங்கா நடந்திருக்குமா? எல்லா ஊழியர்களும் வாத்தியாரைப் பாத்துக் கத்துக்கிட்டு இப்படியே பிரயாணம் பண்ணணும்னு கேட்டுக்கிறேன்!”

கைதட்டல் ஓய நேரமானது. பிறகு யாக்கோபுவை அமெரிக்காவைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக் முன்னால் போய் நின்றார். “அங்க ஒரு சின்ன ரூமு இருக்கு. ஒரு மரக்கட்டில் கிடக்கு. யாரும் படுக்கல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கும் தட்டினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து ரோஜா மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். தெரசாள் எல்லாவற்றையும் கேட்டார். மாலையிலிருந்து உதிர்ந்த இதழ்களைக் கூட்டி அள்ளிக்கொண்டே கணவரைக் கேட்டார்.

“இந்தாங்க, நீங்க அமெரிக்கா போயிட்டு வந்துட்டீகன்னு அவுகளே எழுதி வச்சிருக்காக, இல்ல?”

“ஆமா.”

“இனி நாலு வருசத்துக்கு நீங்க போக முடியாதுன்னும் அவுகளே சொல்லுறாக.”

“ஆமாடி, ஏன் சும்மா சும்மா கேக்குற?”

“போக முடியாத ஆளு எப்படிப் போவாரு? நாளைக்கே எவனாச்சும் நீங்க போயிட்டீகன்னு மொட்டைக் கடுதாசி போட்டாலும் அந்தத் துரை என்ன சொல்லுவாரு? என் பதிவேட்டுல ஊர்லதான் இருக்காருன்னு சொல்லுவாரு. இல்லைன்னு ஒத்துக்கிட்டா அவருக்கு வந்த பாராட்டுக் கடிதம் என்ன ஆகும்?”

யாக்கோபு முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். மனைவி போட்ட கணக்கை மேலிருந்து கீழே ஒருதடவை, கீழிருந்து மேலே ஒருதடவை சரிபார்த்தார். விடை மாறவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. “தப்பில்லையா தெரசா?” என்றார்.

“பத்து நாள் லீவுக்குச் சம்பளத்தப் பிடிச்சுக்கிட்டாகள்ல? அந்தப் பத்து நாளும் பாடமில்ல எடுத்தீக? குடுத்த லீவ இப்ப எடுத்துக்கிடுங்க. பரீட்சை முடிஞ்சு பள்ளிக்கூடமும் பூட்டித்தான் கிடக்கும். எம் மகள நான் பாக்கணும்.”

காலாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் இருவரும் ஆளுக்கொரு பையோடு பாலவனத்தத்தில் பஸ் ஏறினார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகிற பஸ் அது. முன் ஸீட்டில் சௌந்தரம் அம்மாள் உட்கார்ந்திருந்தார். யாக்கோபு பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினார்.

சௌந்தரம் அம்மாள் பைகளைப் பார்த்தார், பையிலிருந்து வந்த ஊறுகாய் வாசனையைப் பிடித்தார், தெரசாளின் புதுச் செருப்பையும் பார்த்தார். மெதுவாகத் தன் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். மூன்று மணிகூட ஆகியிருக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் நீங்கல் ஆபீஸில் நாற்காலியில் இருந்தாக வேண்டும், பதிவேட்டின்படி இருந்துகொண்டும் இருந்தார்.

“நான் உங்களப் பாக்கல சார்” என்றார்.

“நானும் உங்களப் பாக்கலம்மா” என்றார் யாக்கோபு. விருதுநகர் வரை மூன்று பேரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு போனார்கள்.

மூன்று விமானம் மாறி, ஹாப்கின்ஸ் ஃபால்ஸுக்கு ஒரு குட்டி விமானத்தில் போய் இறங்கியபோது யாக்கோபுவுக்கு அது என்ன கிழமை என்றே தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் உடுப்போடு அஷ்லின் நின்றாள். டூட்டியிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். ஏழு வருஷத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டு, அப்பாவிடம் வந்து கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்.

“எப்படிப்பா விட்டாக? எத்தன நாளுக்கு அனுமதி குடுத்தாக?”

“யாரும் விடலம்மா. நான் இப்ப பாலவனத்தத்துலதான் இருக்கேன்.”

“அப்ப இது யாரு?” என்று அஷ்லின் அவர் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

நன்றாக வலித்தது. இன்னொரு தடவை கிள்ளச் சொல்லிக் கையை நீட்டினார் யாக்கோபு.